ஆகாரை வழியனுப்பிய பன்னிரண்டு குடும்பங்கள்

ஆபிரகாம் தன் வீட்டு வேலைக்காரியையும் அவள் தனக்குப் பெற்ற பிள்ளையையும் வெளியே துரத்திய அன்று, ஹாலந்தில் ஒருவன் கூரை மேல் உட்கார்ந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தான். கீழே ஒருத்தி மாட்டில் பால் கறந்தாள். கோழிகள் மேய்ந்தன. கால்வாயில் ஒரு படகு போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலைவனத்தில் நடக்கவேண்டிய கதை இது. ஆனால் படத்தை வரைந்த மனிதன் பாலைவனத்தைக் கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது. தன் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்த்திருக்கிறான், அதையே வரைந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் படத்தை வாங்கி, நியூஜெர்சியை விட்டு டெக்ஸாஸுக்குக் குடிபோகும் என் உயிர்த்தோழிக்கு, பன்னிரண்டு குடும்பங்களின் சார்பில், பிரிவுபசாரப் பரிசாகக் கொடுத்தது நான்தான். அவள் முஸ்லிம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் மண்ணடி, நான் தாம்பரம். சென்னையிலேயே இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் சந்தித்திருக்க மாட்டோம். இங்கே எடிசன் என்ற ஊரில் ஒரே வரிசை டவுன்ஹவுஸில், இரண்டு கதவு தள்ளிக் குடிவந்து மாட்டிக்கொண்டோம். என் மகள் டேகேருக்குப் போன காலம் தொடங்கி அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்ட பிறகும், சனிக்கிழமைக் காலை என்றால் நானும் தோழியும் ஒரே காரில் கிளம்பிவிடுவோம். எங்கே போகிறோம் என்பது வெளியே சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லை. எஸ்டேட் சேல் என்று இங்கே ஒன்று உண்டு. யாராவது வயதானவர் இறந்துபோனால் பிள்ளைகள் வந்து வீட்டைத் திறந்துவிட்டுவிடுவார்கள். கரண்டி முதல் கட்டில் வரை எல்லாவற்றிலும் விலைச் சீட்டு தொங்கும். முன்பின் தெரியாத நாம் உள்ளே போய், செத்தவருடைய அலமாரியைத் திறந்து, அவருடைய கோட்டைப் போட்டுப் பார்த்து, அவருடைய கண்ணாடியிலேயே அழகு பார்க்கலாம்.

ஒருமுறை அம்மாவிடம் போனில் இதை உளறித் தொலைத்தேன். "கருமம், செத்தவங்க டம்ளர்லயா காப்பி குடிக்கிறே?" என்று கேட்டார். அடுத்த முறை இங்கே வந்து தங்கியபோது கிளம்புகிற நாள்வரை பேப்பர் கப்பில்தான் குடித்தார். தோழியின் மாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை. அதனால் இரண்டு வீட்டிலும் நாங்கள் மாலுக்குப் போவதாகத்தான் பேச்சு. இத்தனை வருடமாக மாலிலிருந்து பழைய பித்தளைக் கெண்டியும் கை உடைந்த நாற்காலியும் வாங்கி வருகிறோமே என்று இரண்டு கணவர்களுக்கும் தோன்றவே இல்லை. நல்ல மனிதர்கள்.

அவளைப் பற்றி எனக்கு மட்டுமே தெரிந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நண்பர்கள் குழுவில் எந்த விசேஷம் என்றாலும், "பிரியாணி நீங்கதான்" என்று அவள் தலையில் கட்டிவிடுவார்கள். முஸ்லிம் வீட்டில் பிறந்தால் கையில் பிரியாணியோடுதான் பிறப்பார்கள் என்று இவர்களுக்கு நினைப்பு. அவளுக்கு ரசமே சரியாக வராது. ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையில் ட்ரே கணக்கில் வாங்கி, என் வீட்டுக் கிச்சனில் வைத்துத் தன்னுடைய தேக்சாவுக்கு மாற்றி, மேலே நாலு வறுத்த வெங்காயம் தூவி எடுத்துப் போவாள். "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று எல்லோரும் சொல்லும்போது அவள் என் பக்கம் பார்க்கவே மாட்டாள். பார்த்தால் இருவரும் சிரித்துவிடுவோம்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, அப்படி ஒரு சேலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். மடியில் ஒரு பூந்தொட்டியை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"நாங்க டெக்ஸாஸ் போறோம்டி. சுகர் லேண்ட். அவருக்கு அங்க ஆயில் கம்பெனில வேலை ஆயிடுச்சு."

சிக்னலில் சிவப்பு. நான் சாலையைப் பார்த்தபடியே, "ஓ, சூப்பர். ஸ்டேட் டாக்ஸ் கிடையாது. வீடு பெருசா கிடைக்கும். ஏசி மட்டும் நல்லா இருக்கானு செக் பண்ணிக்கோ" என்றேன்.

"அவ்ளோதானா?"

"வேற என்ன? ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டும் பாத்துக்கோ."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அவ்வளவு கோபம். கோபம் வந்தால் நான் கத்துவேன் என்று ஊருக்கே தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியில் என் கீழே டெஸ்டிங் செய்யும் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் நிஜமான கோபம் வந்தால் நான் கத்துவதில்லை, வேலை செய்வேன். என் அப்பா போனபோது மூன்று நாள் அழாமல் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தவள் நான். இந்த நாட்டில் எனக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள இருந்தவள் அவள் ஒருத்தி. மகள் விடுதிக்குப் போயாயிற்று. வீட்டுக்காரர் கம்ப்யூட்டருக்குள் போய் வருடக்கணக்காகிறது. இவளும் போய்விட்டால் சனிக்கிழமை எழுந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த நாளே காலி அட்டைப்பெட்டிகள் சேகரிக்க ஆரம்பித்தேன்.

அதன்பின் நான் செய்த உதவி கொஞ்சநஞ்சம் இல்லை. அவள் கிச்சனை நானே பேக் செய்தேன். எந்தப் பெட்டியில் என்ன என்று கலர் கலராக ஸ்டிக்கர் ஒட்டினேன். கிளம்பும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸைப் பதிவு செய்து, பிரிவுபசார விருந்துக்கு வாட்ஸ்அப்பில் தனிக் குழு தொடங்கினேன். பரிசு என்ன கொடுப்பது என்று கேட்டேன். பாதிப் பேர் கிஃப்ட் கார்டு என்றார்கள். ஒருவர் வெள்ளிக் குத்துவிளக்கு என்று போட்டு, யாரோ தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள், அவசரமாக அழித்தார். "ஆளுக்கு ஒரு ஷேர் போடுங்க, கிஃப்ட் நான் பாத்துக்கறேன்" என்று அடக்கிவிட்டேன்.

விருந்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, முதல்முறையாக அவளைக் கூப்பிடாமல் ஒரு சேலுக்குத் தனியாகப் போனேன். வீம்புதான். வடக்கே மலைப்பக்கம், இறந்துபோன ஒரு தாத்தாவின் பழைய கல் வீடு. அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் வந்து குடியேறிய பகுதி. மாடிப்படிச் சுவரில், கறுப்புச் சட்டம் போட்டு ஒரு படம் தொங்கியது. செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, தாளில் அழுத்தி எடுப்பார்களே, அந்த மாதிரி அச்சுப்படம். கறுப்பும் பழுப்புமாக, முழுக்கக் கோடுகள். கிராமம். படிப்படியாய் முகப்பு வைத்த வீடு, பெரிய மரம், கால்வாய், தூரத்தில் காற்றாலை, கூரை மேல் ஆள், பால் கறக்கும் பெண், கன்றுக்குட்டி. விற்க நின்ற அம்மாள், "பழைய டச்சு ப்ரிண்ட். சீனரி. பார்த்தாலே மனதுக்கு அமைதி" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஓரத்தில் சின்னதாக மனிதர்களும் இருந்தார்கள். பார்க்காமல் ஒன்றும் வாங்கவில்லை. நன்றாகவே பார்த்தேன். அதுதான் வினை. வாசற்படியில் தலைப்பாகை கட்டிய தாடிக்காரப் பெரியவர், கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே ஓர் இளம்பெண், கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறாள். இடுப்பில் தண்ணீர்க் குடுவை. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, தோளில் விளையாட்டு வில்லோடு ஒரு சிறுவன். ஜன்னலில் வேறொரு பெண் எட்டிப் பார்க்கிறாள், முகத்தில் லேசான சிரிப்பு. தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கம் வேண்டுமா? பிரசவத்துக்கோ லீவுக்கோ வந்த பெண், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புருஷன் வீட்டுக்குத் திரும்பக் கிளம்புகிறாள். அப்பா ஆசீர்வாதம் செய்கிறார். பெண் அழுகிறாள். வழிக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலில் இருப்பது அண்ணி. நாத்தனார் ஒருவழியாகக் கிளம்பினாளே என்ற நிம்மதி. பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணுக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும் என்று நினைத்து, படியிலேயே நின்று எனக்குக் கண் கலங்கியது.

அதோடு விட்டேனா. எங்கள் குழுவில் வாஸ்து அங்கிள் ஒருவர் உண்டு. வாரநாளில் பார்சிப்பனி ஊரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுவார், வார இறுதியில் எந்தச் சுவரில் எந்தப் படம் மாட்டலாம் என்று சொல்வார். புது வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுப்பது, எதற்கும் இருக்கட்டும் என்று அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

"புலி, சிங்கம் கிடையாது. சண்டை கிடையாது. பசு இருக்கு, கன்னு இருக்கு, தண்ணி ஓடுது. பெரியவர் ஆசீர்வாதம் பண்றாரு. ஃபர்ஸ்ட் கிளாஸ். ஹால்ல வடக்குச் சுவத்துல மாட்டச் சொல்லும்மா."

"பொண்ணு அழறாளே அங்கிள், பரவாயில்லையா?"

"ஆனந்தக் கண்ணீர்."

சரி என்று சட்டத்தின் பின்பக்கம் தங்க நிறப் பேனாவால் பெரிதாக 'அன்புடன் உங்களை வழியனுப்பும்' என்று எழுதி, கீழே பன்னிரண்டு குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்கினேன். வீடு வீடாகப் போய் வாங்கினேன். இந்த வேகத்தில் ஆபீஸில் வேலை செய்திருந்தால் இந்நேரம் டைரக்டர் ஆகியிருப்பேன்.

விருந்து ஜோராக நடந்தது. ஆறு வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் வந்தது. யார் என்ன கொண்டுவருவது என்று நான் போட்ட பட்டியலை யாரும் மதிக்கவில்லை. பிரியாணி வழக்கம்போல அவளுடையது. வாஸ்து அங்கிள் மைக்கைப் பிடித்து அவள் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசும்போது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அவளுக்கும் அப்போது கண் சந்தித்திருக்க வேண்டும். நான் பேப்பர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு பரிசு. எல்லோரும் சுற்றி நின்றோம். அவள் காகிதத்தைக் கிழித்தாள். பார்த்தாள். மரத்தைப் பார்க்கவில்லை, காற்றாலையைப் பார்க்கவில்லை, நேராக அந்த ஓரத்துக்குப் போனது பார்வை. அங்கேயே நின்றது. அவள் கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். பிறகு அவள் நிமிர்ந்து, "ரொம்ப அழகா இருக்கு. தேங்க்ஸ்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். படத்தை நடுவில் பிடித்துக்கொண்டு குரூப் போட்டோ எடுத்தோம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எமோஷனல் ஆகிவிட்டாள், பாவம் என்று நினைத்தேன்.

அந்தப் போட்டோவைத்தான் சாயங்காலம் மகளுக்கு அனுப்பினேன். அவள் படிப்பது பயாலஜி. சுலபமாக மார்க் வரும் என்று யாரோ சொன்னார்களாம், ஐரோப்பிய அச்சுப்படங்கள் பற்றி ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். "இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?" என்று அவள் அப்பா நொந்துகொண்ட வகுப்பு. அடுத்த நிமிடம் வீடியோவில் வந்தாள்.

"அம்மா. யார் செலக்ட் பண்ணது திஸ்?"

"நான்தான். ஏன், அழகா இல்லை?"

"அம்மா, தட் இஸ் நாட் எ ப்ளெஸ்ஸிங். ஹி இஸ் கிக்கிங் ஹெர் அவுட்."

நான் தமிழில் சொல்லு என்றேன். அவளுடைய தமிழும் என்னுடைய பதற்றமும் சேர்ந்து கதை வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெரியவர் ஆபிரகாம். அழுகிற பெண் ஆகார், மனைவியின் பணிப்பெண். பிள்ளை ஆபிரகாமுக்குப் பிறந்தவன், இஸ்மவேல். ஜன்னலில் நிற்பது அண்ணி இல்லை; மனைவி சாராள். இவளுக்கும் தள்ளாத வயதில் ஒரு மகன் பிறந்தாயிற்று, அதனால் அவர்களைத் துரத்து என்றாள். அப்பமும் ஒரு தோல்பை தண்ணீரும் கொடுத்துப் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டார். தோல்பையை டச்சுக்காரன் குடுவையாக்கிவிட்டான். இந்தக் காட்சி அங்கே ரொம்பப் பிரபலமாம், ஆளாளுக்குப் போட்டிருக்கிறார்களாம். முஸ்லிம்களும் இந்த அம்மாவையும் பிள்ளையையும் தங்கள் முன்னோர் என்று கொண்டாடுவார்களாம்.

"பைபிள் கதைன்னா ஒரு ஒட்டகம், ஒரு ஈச்ச மரம் போட வேண்டியதுதானே? காத்தாலையப் போட்டு வெச்சா எனக்கு எப்படிடி தெரியும்?"

அதுதான் அவர்கள் பழக்கம் என்றாள் மகள். லேப்டாப்பைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினாள். எகிப்துக்கு ஓடும் மாதாவும் சூசையப்பரும் குழந்தையும் கழுதையோடு ஒரு டச்சு வாய்க்காலைக் கடக்கிறார்கள். படத்தில் முக்கால்வாசி மரம்தான், கடவுளின் குடும்பம் எறும்பு அளவு. இன்னொன்றில் அடிபட்டவனைக் காப்பாற்றிய சமாரியன் அவனைச் சத்திரத்து வாசலில் இறக்குகிறான். அருள் பொழிகிற காட்சி. அதற்கு முன்னால், பார்க்கிறவன் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து, ஒரு நாய் சாவகாசமாக மலம் கழிக்கிறது. இதை ஒருவன் உட்கார்ந்து கவனமாகக் கீறி, மை தடவி அச்சடித்து விற்றிருக்கிறான், பக்திமான்கள் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஜனங்கள் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. இதெல்லாம் எப்போதோ எங்கேயோ நடந்ததில்லை, உன் தெருவில்தான் நடக்கிறது, நீ உன் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்வதற்காக அப்படிப் போட்டார்கள் என்றாள் மகள். ஆசிரியர் சொன்னதாம். எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. அன்புடன் உங்களை வழியனுப்பும் என்று நான் எழுதிய கொட்டை எழுத்துதான் கண்முன்னால் நின்றது.

வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"ரிட்டர்ன் பாலிசி இருக்கா?" என்று கேட்டார்.

"யார்கிட்ட ரிட்டர்ன் பண்றது? அந்தத் தாத்தா செத்துட்டாரு."

அவர் முதல்முறையாகக் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினார். "எந்தத் தாத்தா? மால்ல வாங்கலையா?"

"அதை அப்புறம் பேசலாம். அவ என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"அவங்க கவனிச்சே இருக்க மாட்டாங்க. நாம யாரும் கவனிக்கலையே."

"நமக்குத் தெரியாத கதைங்க. அவங்க வீட்டுக் கதை அது."

மறுநாள் மதியம் லாரி வருவதாக ஏற்பாடு. காலையில் டேப்பும் கத்தரியுமாக, உதவி செய்யப் போகிறவள்போல அவள் வீட்டுக்குப் போனேன். எண்ணம் வேறு. அவள் வாசலில் நின்று லாரிக்காரர்களுடன் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கணவரும் பிள்ளைகளும் வாடகைக் கார் எடுக்கப் போயிருந்தார்கள். மேலே படுக்கையறை அலமாரியில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது படம். தங்க எழுத்து பளபளத்தது. பெரிய கறுப்புக் குப்பைப் பையில் அதைப் போட்டு, மேலே இரண்டு கிழிந்த திரைச்சீலைகளை அமுக்கி, அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"இந்தக் குப்பைய நான் போட்டுட்டு வந்துடறேன்" என்று அவளைத் தாண்டினேன்.

அவள் போனை அணைத்தாள். "குப்பை இவ்ளோ சதுரமாவா இருக்கும்?"

"அது வந்து, ஃப்ரேம்ல ஒரு கிராக். மாத்திக் குடுத்துடலாம்னு."

"கிராக் ஃப்ரேம்லயா?"

பையை வாங்கி, திரைச்சீலையை உருவிப் போட்டு, படத்தை ஒரு பெட்டி மேல் சாய்த்து வைத்தாள். காலியான ஹாலில் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?" என்றேன்.

"பேப்பரக் கிழிச்ச உடனே. தலைப்பாகை, தாடி, பையன், தண்ணி, அழற அம்மா. மண்ணடில சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். இப்ராஹிம் நபி, ஹாஜரா அம்மா, இஸ்மாயில்."

"அப்புறம் ஏன்டி அழகா இருக்குன்னு சொன்னே?"

"பின்ன? பன்னிரண்டு குடும்பம் பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. அங்கிள் கைல கேக் கத்தி வேற இருக்கு. நபியப் படமா மாட்டறதே எங்களுக்கு ஆகாது, அதுலயும் துரத்துற படமாப் பாத்துக் குடுத்திருக்கீங்களேன்னு மைக்லயா சொல்ல முடியும்?" படத்தைத் திருப்பினாள். கையெழுத்துகளை ஒவ்வொன்றாக, ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல வாசித்தாள். "எல்லாருமே அன்புடன் துரத்தியிருக்கீங்க. வீட்டுக்கு வந்து இதப் பாத்துட்டு இவரு கேக்கறாரு, நாம அவ்ளோ தொல்லையா குடுத்தோம்னு."

முதலில் நான்தான் சிரித்தேன். பிறகு அவள். வாஸ்து அங்கிள் ஆனந்தக் கண்ணீர் என்று சொன்னதைச் சொன்னேன். வடக்குச் சுவர் என்றதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டி மேல் சரிந்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த ஒரு மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்முறை.

சிரிப்பு அடங்கியதும் அவள் ஜன்னலில் நிற்கிற பெண்மேல் விரல் வைத்தாள். "இது யாருன்னு நெனச்சே?"

"அண்ணின்னு."

"அண்ணி." மறுபடி கொஞ்சம் சிரித்தாள். "நேத்து நான் யாருன்னு நெனச்சேன் தெரியுமா? உன்ன நெனச்சேன்."

"நானா? நானா உன்னப் போகச் சொன்னேன்?"

"சொல்லல. ஆனா நான் கார்ல சொன்ன நிமிஷத்துலேர்ந்து என் வீட்டக் காலி பண்றதுலயே குறியா இருந்தே. சமைக்க ஒரு சட்டியக்கூட வெளிய விட்டு வெக்கல. பார்ட்டி நீ வெச்சே. கிஃப்ட் நீ வாங்கினே. நான் போறதுல உனக்கு என்ன சந்தோஷமோன்னு எனக்குப் புரியவே இல்ல. கார்ல அவ்ளோதானானு கேட்டேன். நீ ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுங்கறே."

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கள்ல இந்தக் கதையில யாரும் வாசல்ல நின்னு துரத்தல. அவரே கூட்டிட்டுப் போய் ஒண்ணுமே இல்லாத எடத்துல விட்டுட்டுத் திரும்பி நடக்கறாரு. அந்த அம்மா பின்னாடியே போய், எங்கள இங்க விட்டுட்டு எங்க போறீங்கனு கேக்கறாங்க. பதில் இல்ல. மறுபடி கேக்கறாங்க. அவர் திரும்பிக்கூடப் பாக்கல. உம்மா இதச் சொல்லும்போது எனக்கு அந்த எடத்துலதான் அழுகை வரும். தண்ணிக்காக மலைக்கும் மலைக்கும் ஓடற எடத்துல வராது, அங்கதான் வரும். கேக்கறாங்க, அவர் பேசாம நடக்கறாரேன்னு." என் பக்கம் திரும்பினாள். "அவருக்காவது ஆண்டவன் உத்தரவு. அந்த அம்மாவும் கடைசில அதக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மனசத் தேத்திக்கிட்டாங்க. உனக்கு என்னடி கேடு?"

வாசலில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பின்வாங்கும்போது அடிக்கும் பீப் பீப் சத்தம் நிற்கவே இல்லை. நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன். சனிக்கிழமைகளைப் பற்றி, பயத்தைப் பற்றி, அப்பா போனபோது சுத்தம் செய்த பரணைப் பற்றி. மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

"போகாதடி" என்றேன்.

அவள் படத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"இத அன்னிக்குக் கார்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"இல்ல. போய்த்தான் ஆகணும்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். தினமும் வந்து என் சட்டியப் பேக் பண்றதுக்குப் பதிலா, தினமும் வந்து அழுதிருக்கலாம். ஒரு மாசம் இருந்துச்சுடி நமக்கு. மொத்தத்தையும் வீணாக்கிட்டே."

லாரிக்காரர்கள் இரண்டு பேர் உள்ளே வந்து, நாங்கள் சாய்ந்திருந்த பெட்டிகளைக் காட்டி இவையும் போகவேண்டியவைதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். நாங்கள் எழுந்துகொள்ளவில்லை. அவர்கள் முதலில் மற்றப் பெட்டிகளை எடுத்துப் போனார்கள்.